குமிழ் நிற்கக் கூடாது

"குமிழ் நின்னா வேலையும் நின்னு. ஓர்மை உண்டல்லோ, நேசையண்ணா?" என்றான் பிரஜின்.

மூன்று வாரமாக இதையே நினைவூட்டும் பல்லவி. நேசையன் படகில் உட்கார்ந்து காற்று சிலிண்டரின் வாரை இறுக்கினான்.

இருபது வருஷம் விழிஞ்ஞத்துப் பாறைகளில் மூச்சடக்கி முங்கி, சிப்பி பறித்தவன் அவன். தண்ணீருக்குள் வாய் திறந்தால் சாவு. அவன் படித்த பாடம் அது ஒன்றுதான். கோவளத்தில் டைவிங் சொல்லித்தரும் பிரஜின் அதைத் தலைகீழாகப் புரட்டினான். சிலிண்டர் மாட்டினால் மூச்சைப் பிடிக்கவே கூடாது; விடும் மூச்சு குமிழாக வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடைத்து வைத்தால் நுரையீரல் கிழியும்.

ஹோட்டல் நீச்சல்குளத்தில் மூன்று சோதனை. மூன்றிலும் நேசையன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தான். இன்று கடலில், கடைசிச் சோதனை. தேறினால் டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு, கடலடியில் கிடக்கும் கப்பலுக்கு இறங்கும் வேலை. இல்லையென்றால் இடத்தைக் காட்டிவிட்டுப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதைத்தான் அவனால் தாங்க முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு பட்டு மூழ்கிய கப்பல் அது. எத்தனையோ முறை முங்கி அதன் இரும்பை விரலால் தொட்டிருக்கிறான். தொட்டதும் மூச்சு முட்டும், திரும்பிவிடுவான். ஒரு தடவைகூடக் கண்ணாரப் பார்த்ததில்லை.

காலையில் சோறு கட்டிக்கொண்டே மனைவி சரோஜம் கேட்டிருந்தாள்: "கரையில ஒரு நிமிசம் வாய மூட மாட்டீரு. தண்ணிக்குள்ள மட்டும் என்னத்துக்கு மூடுதீரு? அங்கயும் பேசிட்டே இரும்."

பள்ளிவாசல் மினார் குன்றின் மடிப்புக்கு நேராக வந்தது. கலங்கரை விளக்கம் ஒற்றைத் தென்னைக்குப் பின்னால் ஒளிந்தது. கப்பல் கிடக்கும் இடத்துக்கு அவன் வைத்திருந்த கரை அடையாளங்கள்.

"இங்கதான்," என்றான் நேசையன். நங்கூரம் விழுந்தது. இருவரும் இறங்கினார்கள்.

1999 செப்டம்பர். அடிக்கடலின் நீர் மேலே ஏறிவரும் காலம். இரண்டு ஆள் ஆழம்வரை வெதுவெதுப்பு. அதற்குக் கீழே, ஐஸ் கம்பெனிக் கதவைத் திறந்த மாதிரி குளிர். ரப்பர் உடுப்பையும் தாண்டி எலும்பில் ஏறியது. எங்கும் பச்சை மங்கல். சட்டென்று தெளிவு.

கப்பல்.

எட்டு ஆள் ஆழத்தில், மணலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கண் எட்டவில்லை. இத்தனை வருஷமாக அவன் தொட்டதெல்லாம் அதன் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கிழிந்த வயிற்றுக்குள் ராணுவ லாரிகள், வரிசை குலையாமல். ஸ்டியரிங்குகளில் கொத்துக் கொத்தாகச் சிப்பி.

லாரிகளுக்குப் பின்னால் இருட்டு அசைந்தது. கதவு அகலத்துக்கு ஒரு களவா மீன் நிதானமாக வந்து, அவன் முகத்துக்கு நேரே நின்று, வீட்டுக்காரன் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

குளிர், வேலை, சோதனை எல்லாம் மறந்துபோயிற்று. கோயிலுக்குள் நிற்பதுபோல் நின்றான். என்ன ஒரு நிசப்தம்.

நிசப்தமா?

குமிழ்ச் சத்தம் கேட்கவில்லை.

லாரிகள் சிறுத்துக்கொண்டே போயின. கப்பல் இறங்குகிறதா? இல்லை, அடைத்து வைத்த மூச்சு அவனைப் பலூன்போல மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு இறுகியது. இருபது வருஷத்துப் பழக்கம் தொண்டையைப் பூட்டிக்கொண்டு சொன்னது: திறக்காதே.

"சரோஜம்," என்றான், வாயிலிருந்த குழாய்க்குள்.

பொலபொலவென்று குமிழ் கொட்டியது. பின்னாலேயே வந்த பிரஜின் அவன் கணுக்காலைப் பிடித்து வேகத்தை அடக்கினான். இருவரும் மெல்ல மேலேறினார்கள். நேசையன் பேச்சை நிறுத்தவில்லை. "கேட்டியா, லாரி நிக்குது. வரிசையா நிக்குது. ஒரு களவா, நம்ம வாசலுக்குள்ள கொள்ளாது..." எல்லாம் புர்ரென்று நுரைத்து மேலே போயிற்று.

படகின் விளிம்பைப் பிடித்ததும் பிரஜின் கேட்டான். "யாரோட வர்த்தமானம் பேசினீங்க?"

"எனக்க பெண்டாட்டிகிட்ட."

பிரஜின் சிரிக்கவில்லை. "கீழ உங்க குமிழ் நின்னு. நான் கண்டு."

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "நின்னுது சாரே. அதப் பாத்த பெறவு..." மீதிக்குத் தண்ணீரைக் காட்டினான்.

பிரஜினும் தண்ணீரையே பார்த்தான். "அதப் பாத்தப்போ எனக்கும்தான் நின்னு," என்றான் தணிந்த குரலில். "பக்ஷே மேல வரும்போ நீங்க வாய் மூடவே இல்ல. அதான் டெஸ்ட். நாளைக்கு ஏழு மணிக்கு வேலைக்கு வந்திருங்க."

நேசையன் படகில் ஏறவில்லை. கடல் ஒன்றுமே தெரியாத மாதிரி கிடந்தது.

"சாரே, சிலிண்டர்ல இன்னும் காத்து இருக்கா?"