(அச்சில்)

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த நாவலாசிரியர் ஒன்பது வருடங்களுக்கு முன் தன் நாயகியை, ஒரு கால் தரையிலும் ஒரு கால் பேருந்துப் படியிலுமாக நிறுத்திவிட்டு நாவலை முடித்தார். கணவனை விட்டுப் போகிறாளா, வீடு திரும்புகிறாளா? கடைசிப் பக்கத்தில் ‘இரண்டாம் பாகம் (அச்சில்)’ என்றிருந்தது. ஒன்பது வருடமாகவா அச்சில்? அது என்ன அச்சு இயந்திரமா, ஆமையா?

2

அன்று வானம் கறுத்து…

(வேண்டாம். வானத்துக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.)

அந்த நாவலை அக்காவுக்குக் கொடுத்தவன் நான். அக்கா தையற்கடை வைத்திருக்கிறாள். அத்தானுக்குக் கோபம் வந்தால் அவளுடைய மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்துவிடுவார். அவள் சுவரைத் தடவி நடப்பதைப் பார்த்துச் சிரிப்பார். “விட்டுட்டு வந்துடுக்கா” என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“ரெண்டாம் பாகம் வரட்டும்டா. அவ ஏறினாளான்னு பாத்துட்டு முடிவு பண்றேன்.”

(விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் யாராவது விளையாடுவார்களா?)

3

போன வாரம் பொறுக்கமாட்டாமல் ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன்.

“எந்த ரெண்டாம் பாகம்? கதை அங்கயே முடிஞ்சுபோச்சு. அச்சில்னு போட்டது உங்க பதிப்பகம்தானே?”

(முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: அந்தப் பதிப்பகத்தில் பக்கம் வடிவமைப்பவன் நான்.)

பழைய கோப்பைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்திருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நிரப்பிய கை என்னுடையது. நானே எழுதி, மறந்து, நானே நம்பியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

4

முடிவு அ: நானே இரண்டாம் பாகம் எழுதி அவளைப் பேருந்தில் ஏற்றிவிடலாம். அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.

முடிவு ஆ: அத்தான் திருந்தி, கண்ணாடியைத் துடைத்து…

(எழுதவே வயிறு எரிகிறது.)

முடிவு இ: உண்மையைச் சொன்னேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அப்ப அவளை அங்க நிறுத்தினது அந்தாளு. என்னை நிறுத்தினது நீ.”

“தப்புதான்க்கா.”

“ஒரு வரி காலியா கிடந்தா உனக்குப் பொறுக்கல, இல்ல?”

5

இந்தக் கதை நிஜமாகவே அச்சுக்குப் போகிறது. பக்கம் வடிவமைத்ததும் நான்தான். அடியில் ஒரு வரி மிஞ்சுகிறது. கை பரபரக்கிறது.

நிரப்பமாட்டேன். அக்கா, அது உன் வரி.