நாய் வீட்டார்

பொமரேனியன் வாங்கலாம் என்று பேச்செடுத்த அன்றே வீட்டின் கூரை இறங்கிவிட்டது. அவ்வளவு சின்ன நாய்க்கு எதற்கு இத்தனை உயரம் என்று வீட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சித்ராதேவி குனிந்து நின்று சமைத்தாள். குனிந்தே துணி காயப்போட்டாள். அவள் கணவன் தனுஷ்கோடி சோபாவில் படுத்தபடி டிவி பார்த்தான். படுத்திருப்பவனுக்குக் கூரை எங்கே இருந்தால் என்ன?

பிறகு லேப்ரடார் என்று மாற்றிக்கொண்டார்கள். கூரை மேலே போனது. ஆனால் வடித்த சோறு, மூடியைத் திறப்பதற்குள் காணாமல் போனது. சாம்பாரும் போனது. ஊறுகாயை மட்டும் வீடு தொடவில்லை. ஊறுகாயை எத்தனை வேளைக்குத் தின்பது?

மதுரையில் இதெல்லாம் வழக்கம்தான். இன்ன நாய் என்று முடிவாகி, அது வந்து சேரும்வரை வீடு ஒரு நிலைக்கு வராது. எதிர்வீட்டில் டாபர்மேன் என்று சொல்லிவிட்டு, வாங்காமல் இழுத்தடித்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சுவராயின. கடைசியில் வாசலும் சுவரானது. உள்ளே குக்கர் விசில் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது.

மூன்றாவது முறை தனுஷ்கோடி யாரையும் கேட்கவில்லை. போனில் நண்பனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டான். "சிப்பிப்பாறை. நாட்டு நாய். சும்மா அம்பு மாதிரி ஓடும். நம்ம லைஃப்ஸ்டைலுக்கு அதான்டா சரி." தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் போய்வருகிற மனுஷன் அவன்.

ஓடுகிற நாய்க்கு இடம் வேண்டும் அல்லவா? ஹாலில் இருந்து மகள் நிவேதாவின் அறைக்குப் போகிற பாசேஜ் நீள ஆரம்பித்தது.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கூப்பிட்டால் நிவேதா கொஞ்சம் தாமதமாக "என்னம்மா?" என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் என்று சித்ராதேவி நினைத்தாள். அப்புறம், கல்லில் இருந்து எடுத்த தோசை அவள் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போனது. அப்புறம், பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை ஹாலுக்கு வருவதற்குள் சீருடை வியர்வையில் நனைந்துபோனது. சித்ராதேவி பாசேஜின் பாதியில் ஒரு தண்ணீர்ப் பானையும் நாற்காலியும் வைத்தாள். மறுநாள் பார்த்தால் அது பாதி இல்லை. கால்வாசிதான்.

பிள்ளையை ஹாலிலேயே படுக்க வைத்தும் பார்த்தார்கள். ராத்திரி ஹாலில் படுத்தவள் காலையில் தன் அறையில் எழுந்தாள். எந்தக் கட்டில் யாருடையதோ அந்தக் கட்டிலுக்கு அந்த ஆள் வேண்டும். வீடு இந்த விஷயத்தில் கறாராக இருந்தது.

சித்ராதேவி மூன்று வேளையும் தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பாசேஜில் ஓடினாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் அழுதாள். ஒருநாள் கூப்பிட்டால் பதில் வராது. அந்த நாள் ரொம்ப தூரத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாய்த் தரகர் சோலைமலையை அவள்தான் வரவழைத்தாள். அவர் பாசேஜின் வாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாய் முடிவாயிட்டா நீளுறது நின்னுரும் தாயி. பழையபடி சுருங்கிரும்."

"வேற நாய் மாத்திக்கலாமா? சின்னதா ஏதாச்சும்?"

"மூணாவது வாட்டி சொன்னதுதான் நிக்கும். ஒண்ணு இத முடிங்க. இல்லைன்னா பிள்ளைக்கு அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் பாருங்க."

"முடிச்சிருங்கண்ணே" என்றாள் சித்ராதேவி.

சோலைமலை தனுஷ்கோடியின் பக்கம் திரும்பினார். "நல்ல எடம் ஒண்ணு இருக்கு. நீங்க போய்ப் பார்க்கிறீகளா, அவுக வந்து பார்க்கட்டுமா?"

"இந்த வெயில்ல யாருண்ணே போறது? அவுகளையே வரச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீகளா?"

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? நாமளா எறங்கிப் போனா மரியாதையா இருக்குமா?"

சோலைமலை சித்ராதேவியைப் பார்த்தார். "சரி. வெள்ளிக்கிழமை கூட்டியாரேன். கேசரி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் வந்தார்கள். தரகர், நாய், நாயின் பெரியம்மா. பெரியம்மாவும் சிப்பிப்பாறைதான். முகவாய் நரைத்திருந்தது. வாசலில் நின்று நான்கு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, முன்பக்கத்து வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். நாய் அவளுக்குப் பின்னால் வந்தது. ஒடிசலாக, உயரமாக, நல்ல லட்சணமாக இருந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தது.

"கூச்ச சுபாவம்" என்றாள் பெரியம்மா.

"அதனாலென்ன" என்றான் தனுஷ்கோடி. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தோரணையாக உட்கார்ந்திருந்தான்.

கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பெரியம்மா ஒரு பஜ்ஜியை முகர்ந்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள். பிறகு தனுஷ்கோடியை மேலும் கீழும் பார்த்தாள். தரகரிடம் கேட்டாள்.

"இது ஓடுமா?"

"ஓடாது."

"நடக்குமா?"

"வண்டி எடுத்துத்தான் பழக்கம்."

"முடி கொட்டுமா?"

"கொட்டி முடிஞ்சிருச்சு."

"வேணாம்" என்றாள் பெரியம்மா.

தனுஷ்கோடி சிரித்தான். நாய் வீட்டார் தமாஷாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"பிள்ளை ஒண்ணு இருக்குன்னு சொன்னீகளே" என்றாள் பெரியம்மா. "ஓடுற வயசு. எங்க பையனுக்கு ஓடுற ஆளாத்தான் வேணும். காபிய அதுகிட்ட குடுத்துவிடச் சொல்லுங்க. பார்த்துட்டுக் கிளம்புறோம்."

தனுஷ்கோடி பாசேஜின் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டான். "நிவேதா! வந்தவங்களுக்குக் காபி எடுத்துக் குடும்மா!"

எல்லோரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. "வர்றேன்ப்பா." பிறகு காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சித்ராதேவி அடுப்படியில் நின்றாள். ஹாலை ஒட்டியே அடுப்படி. தட்டில் டம்ளர்கள் தயாராக இருந்தன. தண்ணீர் குடிக்கும் சாக்கில் தரகர் உள்ளே வந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எதுக்குப் பிள்ளையப் பார்க்கணுங்கிறாங்க? நாய்தானே இங்க வருது?"

"யாரு சொன்னா?"

"பின்ன?"

"உங்களுக்குக் கல்யாணம் எப்படி ஆச்சு தாயி? நீங்க அவரைப் பார்க்கப் போனீகளா, அவரு உங்களைப் பார்க்க வந்தாரா?"

"அவருதான் வந்தாரு."

"வீட்டை விட்டுப் போனது யாரு?"

"நான்."

"அம்புட்டுதான்" என்றார் சோலைமலை. தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

சித்ராதேவிக்கு இப்போதுதான் புரிந்தது. படுபாவி! வெயிலுக்குப் பயந்து சோபாவில் கிடந்தபடியே பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டானே! ஹாலுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வேணாம்னு சொல்லி அனுப்பிட்டா?"

"பாசேஜ் இருக்கே தாயி."

"பிள்ளைக்குப் பதிலா..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. காபி யாரு கையில இருக்கோ அவுகளைத்தான் பார்ப்பாக. பிடிக்கணும். பிடிக்கலைன்னா அடுத்த ஆளக் கூப்பிடுவாக." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

சத்தம் நெருங்கியது. இப்போது கொலுசுச் சத்தமும் சேர்ந்து கேட்டது. நிவேதா ஓட ஆரம்பித்துவிட்டாள் போலிருந்தது. விருந்தாளி என்றால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சித்ராதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். தட்டை எடுத்தாள். இந்த வேலையை அவள் ஒருமுறை செய்திருக்கிறாள். எப்படிப் பிடித்தால் காபி தளும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

ஹாலில் தட்டோடு வந்து நின்றாள்.

"நீ ஏன் எடுத்துட்டு வர்ற? நிவேதா வர்றால்ல?" என்றான் தனுஷ்கோடி.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவிடம் தட்டை நீட்டினாள். பெரியம்மா காபியை எடுக்கவில்லை. அவளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"வயசு?"

"கொஞ்சம் கூடத்தான்" என்றார் தரகர்.

"தனியா விட்டா அழுமா?"

"அழும். சத்தம் வெளிய வராது."

"வீட்டைக் காக்குமா?"

இதற்குத் தனுஷ்கோடி பதில் சொன்னான். நல்ல சாமான் ஒன்றைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் பிரமாதமா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு கதவைப் பார்ப்பா. கேஸைப் பார்ப்பா. சின்னச் சத்தம் கேட்டாலும் முழிச்சுக்குவா."

"சாப்பாடு?"

"மிச்சம் இருக்கிறதப் போட்டாலே போதும்."

"குணம்?"

"கடிக்க மாட்டா" என்றான் தனுஷ்கோடி. எல்லோரும் சிரித்தார்கள். நாய் சிரிக்கவில்லை.

கொலுசுச் சத்தம் தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. மூடியைத் திறக்கும் சத்தம். தண்ணீர் மொள்ளும் சத்தம். சித்ராதேவி மனசுக்குள் கும்பிட்டாள். குடி கண்ணு. நிதானமாக் குடி. இன்னொரு டம்ளர் குடி.

"எல்லாம் சரி" என்றாள் பெரியம்மா. "ஓடுமா? அதான் முக்கியம்."

"இவளா?" தனுஷ்கோடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவ எங்க ஓட..."

"ஓடுவேன்" என்றாள் சித்ராதேவி. குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "இந்தப் பாசேஜ் முழுக்க மூணு வேளையும் சோத்துத் தட்டோட ஓடுறேன். சூடு ஆறாம கொண்டுபோயிட்டு ஓடியாறேன். என் காலைப் பாருங்க."

பெரியம்மா குனிந்து அவள் குதிகாலை முகர்ந்தாள். கெண்டைக்காலை மூக்கால் அழுத்திப் பார்த்தாள். திரும்பி நாயிடம் கேட்டாள். "என்னய்யா சொல்ற?"

மூடி போடும் சத்தம் கேட்டது. கொலுசு மறுபடி கிளம்பியது.

நாய் தலையைத் தூக்கியது. முதல்முறையாக யாரையோ நிமிர்ந்து பார்த்தது. சித்ராதேவியைத்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டது. வால் சோபாவில் ஒருதடவை தட்டியது.

"பிடிச்சிருக்காம்" என்றாள் பெரியம்மா. "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்னு இழுக்க வேணாம். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிர்றோம்." ஒரே மூச்சில் காபியை நக்கிக் குடித்தாள்.

பாசேஜ் சுருங்கியது. சத்தமே இல்லை. நாற்காலியும் பானையும் ஹாலுக்குள் வந்து விழுந்தன. ஓடிவந்துகொண்டிருந்த நிவேதா நிற்க முடியாமல் அம்மாவின் இடுப்பில் மோதினாள். அவளுக்குப் பின்னால், நாலு எட்டில், அவளுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் தெரிந்தது. கட்டிலில் கணக்கு நோட்டு தெரிந்தது.

சித்ராதேவி பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இப்படிக் கைக்கெட்டி! உச்சந்தலையில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துக்கமும் தாங்கவில்லை.

"நான் காபி குடுக்கட்டாம்மா?" என்றாள் நிவேதா, மூச்சு வாங்கியபடி.

"குடுத்தாச்சு கண்ணு."

"நேரமாகுது" என்றார் தரகர்.

தனுஷ்கோடி எழுந்து நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "அப்ப நாய்?" என்று கேட்டான். "நாயை எப்ப விட்டுட்டுப் போவீங்க?" சித்ராதேவி ஒரு பையில் இரண்டு புடவையும் சீப்பும் வைத்துக்கொண்டாள். இட்லி மாவு எங்கே இருக்கிறது, நிவேதாவின் இருமல் மருந்து எங்கே இருக்கிறது என்று அவனிடம் சொன்னாள். அவன் "ம், ம்" என்றான். வழக்கம்போல அவன் கேட்டுக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நிவேதா கேட்டுக்கொண்டாள்.

ஜீப்பில் ஜன்னலோரத்தைச் சித்ராதேவிக்கு விட்டுக்கொடுத்தார்கள். நாய் பக்கத்தில் உட்கார்ந்தது. படாமல் உட்கார்ந்தது. பெரியம்மா பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாள். நிவேதா வாசலில் நின்று கையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். வாய் கோணியது. வண்டி கிளம்பியது.

தெருமுனை வரும்வரை நாய் பேசவில்லை. பிறகு, பெரியம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டது.

"உங்க பேரு என்ன?"

"சித்ராதேவி."

"நல்ல பேரு" என்றது நாய். கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்தது. "எங்க வீட்டுல உங்களுக்கு வேற பேரு வச்சிருக்காக."

என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். நிவேதா ஜீப்பின் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தாள். "அம்மா! அம்மா!" என்று கூப்பிட்டாள். நன்றாகக் கேட்டது.

அப்போது பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, மாத்திரை ஒன்றின் பேர் மாதிரி இருந்த ஒரு சின்னப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சித்ராதேவி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.