படத்தில் உட்கார்ந்திருந்தவர்

குடியிருப்பின் புதுச் சதுக்கத்தைத் திறந்துவைத்த மறுநாள் சாயங்காலம், மாமனார் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. ஓர் அறை, ஒரு சமையலறை, அவளும் மாமனாரும், அவ்வளவுதான் வீடு.

"என்ன மாமா, அதுக்குள்ள?"

"உட்கார முடியலம்மா. வழுக்குது."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்பு அந்தச் சதுக்கத்தின் இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலமானால் மாமனாரும் அவருடைய கூட்டாளி தையல்காரரும் அதில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரம் வீடு அவளுடையது. எதுவும் செய்யமாட்டாள், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பெஞ்சை இடித்துச் சதுக்க வேலையை ஆரம்பித்ததும் அவர் வீட்டோடு முடங்கிவிட்டார். சாம்பாரில் உப்பு, மின்விசிறியின் வேகம், அவள் கதவைச் சாத்தும் விதம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களும் இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருந்தால் தாங்காது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சதுக்கத்தைக் கணினியில் வரைந்ததே அவள்தான். கட்டட வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. நடுவில் கைகோத்து நிற்கும் எஃகு உருவங்கள், 'ஒன்றுகூடல்' என்று பெயர். சுற்றிலும் வழவழப்பான கல் மேடை. படம் வெறிச்சென்று இருக்கிறதே என்று மேடையில் ஒரு பெரியவரை உட்கார வைத்தாள். அவரைப் பார்த்துத்தான் குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், மாமனார் உட்பட. அதற்கப்புறம் முதலாளி வந்து, "மேடையைக் கொஞ்சம் சாய்ச்சிடுங்க, எவனாவது வந்து படுத்துத் தூங்குவான்" என்றார். அவள் வரைபடத்தில் மேடையின் கோட்டைச் சாய்த்தாள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், யார் உட்காருவார்கள் என்ற நினைப்பே வரவில்லை. பெரியவர் உட்கார்ந்திருந்த படத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

"ஏம்மா, அந்தப் படத்துல ஒருத்தர் ஜம்முனு உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு மட்டும் எப்படி வழுக்கல?" என்றார் மாமனார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவரை நான்தான் உட்கார வெச்சேன் மாமா. மேடையைச் சாய்ச்சதும் நான்தான்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உன்னை என்னம்மா சொல்றது. சொன்னதைச் செஞ்சிருக்கே" என்றார்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து, சமையலறையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள். "வாங்க மாமா, போகலாம்."

சதுக்கத்துக்குள் கால் வைத்ததுமே காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "உள்ளே நாற்காலி போடக் கூடாதும்மா. எனக்கே நிற்கிற வேலைதான்." அவரிடம் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. வெளியே நடைபாதையில் நாற்காலியைப் போட்டாள். மாமனார் உட்கார்ந்து எஃகு உருவங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாவம், இதுங்களும் நின்னுகிட்டேதான் இருக்கு" என்றார். பிறகு, "நீ போம்மா. போய் ஓய்வெடு."

"நாற்காலியை யாரு மாமா தூக்கிட்டு வருவா?"

எதிர்ச்சாரியில் தையல்காரர் வந்துகொண்டிருந்தார். பழைய பெஞ்சு இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்று, உட்கார இடம் தேடுகிறவராய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமனார் கையைத் தட்டிக் கூப்பிட்டார். நாற்காலியில் ஒரு பக்கமாக நகர்ந்து, பாதி இடத்தைக் காலி செய்தார். தையல்காரர் அந்தப் பாதியில் மெல்லத் தன்னைப் பொருத்திக்கொண்டார். நாற்காலியின் கால்கள் லேசாக அகன்றன. தோள்பை தோளிலேயே கிடக்க, அவள் பின்னால் நின்று நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.