ஐந்துக்கு அம்பு இல்லை

பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளுக்குத் தர்மபுரியில் ஓர் அறக்கட்டளை விடுதியோடு மேல்படிப்புக்கு இடம் கொடுத்தது. அதற்கான நுழைவுத் தேர்வில் கணக்குத் தாள் திருத்தப் போயிருந்தாள் பானுமதி. பென்னாகரத்தைத் தாண்டி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். அவள் மாணவி யுவராணியும் அந்தத் தேர்வை எழுதியிருந்தாள். யுவராணியின் அப்பா தீர்த்தகிரி முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். விடுதியில் இடம் கிடைத்தால் படிக்கட்டும். இல்லையென்றால் பெங்களூரில் வேலை பார்க்கும் தன் அக்கா மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவேன் என்று.

தாள்களில் பெயர் கிழிக்கப்பட்டிருந்தது. பாதிக் கட்டு திருத்தியபின் ஒரு தாளில் பானுமதியின் கை நின்றது. 2, 3, 4, 5 ஆகிய எண்களை அவற்றின் வர்க்கத்தோடு இணைக்கும் உறவு கேள்வியில் இருந்தது. மறுபக்கக் கணத்தில் 4, 9, 16, 20 மட்டுமே இருந்தன. இந்த உறவு ஒரு சார்பா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம் என்றது விடைக்குறிப்பு. அதுவரை எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் அம்புக்குறிப் படம் போட்டு, ‘ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து. அது அந்தக் கணத்தில் இல்லை. ஐந்துக்கு மறுபக்கத்தில் நிழல் உரு இல்லாததால் இது சார்பு அல்ல’ என்று எழுதியிருந்தாள்.

பானுமதி மறுபடி படித்தாள். பிள்ளை சொல்வதுதான் சரி. முதல் கணத்தில் ஓர் எண்ணைக்கூட விடாமல், ஒவ்வொன்றிலிருந்தும் மறுபக்கத்துக்கு ஒரே ஓர் அம்பு போனால்தான் சார்பு. முதல் பருவத்தில் அவளும் அப்படித்தான் நடத்தினாள். ஆனால் தேர்வு நெருங்கியபோது, மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளும் தேறட்டும் என்று சுருக்கிவிட்டாள். ஓர் எண்ணிலிருந்து இரண்டு அம்பு போனால் சார்பு இல்லை, மற்றதெல்லாம் சார்பு என்று வகுப்பையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

கட்டில் மிச்சமிருந்த தாள்களைப் புரட்டினாள். யுவராணியின் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘இரண்டு அம்பு எதிலிருந்தும் போகவில்லை. எனவே சார்பு’ என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

விடைக்குறிப்பு தப்பு என்று சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பானுமதி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு அம்புக்குறிப் படம் இருந்த தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் திருத்துநர் சவுரியப்பனிடம் போனாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விடைக்குறிப்பை எழுதியவரும் அவரே. கேள்வியைப் படித்தவர் ஐந்தின்மேல் பேனாவை வைத்தார்.

“தப்பு என்னோடதுதான் டீச்சர். எல்லாக் கட்டையும் திரும்பத் திருத்தச் சொல்லிடறேன்.”

“ரெண்டு பதிலுக்கும் மார்க் குடுத்துடலாமுங்களா சார்?”

“யோசிச்சு எழுதுன புள்ளைக்கு அப்புறம் என்ன மரியாதைங்க?”

அதை யாருக்காகக் கேட்டோம் என்பது பானுமதிக்குத் தெரியும். இடத்துக்குத் திரும்பி, யுவராணியின் விடையைத் தன் கையாலேயே அடித்து, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டாள்.

முடிவு வந்தபோது யுவராணி பெயர் இல்லை. கடைசி இடம் அந்தக் கேள்வியைச் சரியாக எழுதிய பிள்ளைக்குப் போனது என்று சவுரியப்பன் சொன்னார். அவளைவிட யுவராணிக்கு மூன்று மதிப்பெண் குறைவு. அந்த வாரமே பானுமதி அவர்கள் வீட்டுக்குப் போனாள். யுவராணியும் அம்மா காசியம்மாளும் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பானுமதி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

யுவராணி நிமிரவில்லை. “நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் எழுதுனேன் மிஸ்.”

“ஆமா. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு.”

“நீங்க கம்முனு இருந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்குமா?”

“கெடச்சிருக்கும்.”

தீர்த்தகிரி கேட்டார். “சரியா எழுதுன அந்தப் புள்ள, உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைங்களா டீச்சர்?”

“இல்லைங்க. யாருன்னே தெரியாது.”

“யாருன்னே தெரியாத புள்ளைக்காக எங்க வூட்டுப் புள்ளைய விட்டுட்டீங்க.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பானுமதி தாங்கியிருப்பாள். கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள், அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை, பென்னாகரத்தில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, சேர்த்துவிடுவது என் பொறுப்பு என்று கெஞ்சினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்.

அதுவரை வாய் திறக்காத காசியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். “காலையில பென்னாகரத்துக்கு பஸ் இருக்குதுங்க. நான் ஏத்தி விட்டுக்கறேன். அவரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். நீங்க போங்க டீச்சர்.”

அந்த ‘போங்க’ பானுமதியைப் பஸ் ஏறும் வரை விடவில்லை.

ஜூன் மாதம் யுவராணி பென்னாகரத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு நிற்கவில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்று ஊரில் சொன்னார்கள். ஒரு மாலை பானுமதி அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தாள். யுவராணி வணக்கம் சொன்னாள். என்ன குரூப் என்று கேட்டதற்கு வரலாறு என்றாள்.

“கணக்கு எடுக்கலையா? உனக்கு நல்லா வருமே.”

“குடுத்தாங்க மிஸ். நான்தான் வேண்டான்னுட்டேன்.”

பஸ் வந்தது. யுவராணி ஓடிப்போய் ஏறினாள். கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பானுமதிக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.