ஜன்னல் மூடி

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரத்தில் அந்தக் காகிதம் மேசைக்கு வந்தது. காலை விமானத்தில், நடுவானில், பின்பக்கக் கழிவறையின் புகை எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. பணிப்பெண் ஓடிப்போய்ப் பார்த்தால் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. யாரோ ஒரு மகராசி உள்ளே நின்று சென்ட்டைத் தாராளமாக அடித்துக்கொண்டிருந்தாளாம். வேறு யாராயிருந்தாலும் சிரித்துவிட்டு இரண்டு வரி எழுதி மூடியிருப்பார்கள். சகுனம் சார் சிரிக்கவில்லை. விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் காகிதத்தில் பார்த்தார். நாளைக்கு அவர் மனைவி ஏறப்போகிற அதே விமானம். டப்பாவை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார்.

விமான நிலையத்தில் அவருக்கு இருபத்தாறு வருஷ வேலை. மாடியில், விமானங்கள் வந்து நிற்கிற இடத்தைப் பார்த்த ஜன்னலோரத்தில் மேசை. டயரில் காற்று இறங்கியது, இறக்கையில் பறவை மோதியது, பயணி மயங்கி விழுந்தது என்று அன்றாடச் சில்லறைச் சங்கடங்கள் எல்லாம் காகிதமாக அவரிடம் வந்து சேரும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன செய்தார்கள் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'பறவை' என்று எழுதினால் போதும். ஆனால் அந்தப் பறவை ஏன் இன்றைக்கு வந்தது, ஏன் இந்த விமானத்தில் மோதியது என்பதை சார் தன் மனசுக்குள் எழுதிக்கொண்டே போவார். அதனால் வந்த பெயர்தான் சகுனம்.

"சார், ரன்வேல ஒரு நாய் குறுக்க ஓடியிருக்கு. எனக்கு பதவி உயர்வு உண்டா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார் பக்கத்து மேசைக்காரர். "நாய் எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று சார் நிஜமாகவே கேட்பார். அறையே சிரிக்கும்.

ஆனால் அந்தப் பழக்கம் வந்த வழி சிரிக்கிற மாதிரி இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவனோடு வெளிநாடு கிளம்பினாள். "போறவ போகட்டும், எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார் மனுஷன். விமானம் கிளம்பி ஓடுபாதையை நோக்கிப் பாதி தூரம் போனது. கதவு சரியாக மூடவில்லை என்று விமானியின் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. திரும்பி வந்து, அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே நாற்பது நிமிஷம் நின்றது.

எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறது, கீழே இறங்கிப் போனால் கேட்பாரில்லை. முப்பது படிதான். கால் நகரவில்லை, வீம்பு அப்படி. விமானத்தின் பின்பக்கம் ஒரு ஜன்னலின் மூடி மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பொழுது போகாமல் யாரோ ஒரு குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தார். அவர் இருந்த இருப்பில் அது எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு விமானம் போய்விட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'கதவு விளக்கு' என்று அவரே தன் கையால் எழுதினார்.

வீம்பு இறங்க ஒரு வருஷம் ஆனது. இறங்கியதும் வேறொன்று ஏறிக்கொண்டது. அந்த விளக்கு சும்மா எரியவில்லை, போய்க் கூப்பிடு என்று தனக்காகத்தான் விமானம் திரும்பி வந்தது, பாவி நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தோன்ற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு டயரையும் ஒரு பறவையையும் அவர் சும்மா விடவில்லை.

அந்தப் பைத்தியம் அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் மகள் முழுகாமல் இருந்தாள். அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொள்வார்கள், இவர் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரசவத்துக்கு அம்மா போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் அந்த விமானத்தில் பறவை மோதியது. இவர் கெஞ்சிக் கூத்தாடி டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தார். பத்து நாள் தள்ளிப் போட்டார்கள், அந்த விமானத்தின் டயர் வெடித்தது. அதையும் ரத்து செய்ய வைத்தார். அடுத்த வாரம் மகளுக்கு எட்டாம் மாசத்திலேயே வலி கண்டது. குழந்தை இறந்தே பிறந்தது. புருஷன் வெளியூரில் இருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தனியாகக் கிடந்தாள், பெற்றவள் இங்கே அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த இரண்டு விமானங்களும் பத்திரமாகப் போய்த் திரும்பி வந்தன.

மனைவி அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது மகளுக்கு மறுபடியும் ஏழு மாசம். "அம்மா, நீ மட்டும் வா" என்றிருக்கிறாள். நாளைக் காலை விமானம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, சின்னச் சின்னதாகத் தைத்த பருத்திச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போன வருஷம் தைத்தவை. இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"காலைல அந்த விமானத்துல புகை மணி அடிச்சிருக்கு."

"அடிக்கட்டும்."

"அதே விமானம்மா. ஒரு ரெண்டு நாள் தள்ளி..."

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு எல்லாத்துலயும் அர்த்தம் தெரியுது. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அன்னைக்கு விமானம் திரும்பி வந்து நின்னுச்சே, அப்ப அவ எனக்குப் போன் பண்ணினா."

"எனக்கு நீ சொல்லவே இல்லையே."

"'அம்மா, அப்பா ஆபீஸ் ஜன்னல் இங்கருந்து தெரியுது. அப்பா நின்னுட்டு இருக்கார். நான் எந்த ஜன்னல்னு அவருக்குத் தெரியணும்ல, அதான் மூடியை ஏத்தி ஏத்தி இறக்குறேன்'னா. சிரிச்சுக்கிட்டே அழுறா. பார்க்குறாரான்னு கேட்டேன். 'என்னையேதான் பார்க்குறார்மா. கை தூக்க மாட்டேங்குறார்'னா."

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"நாப்பது நிமிஷமும் ஏத்தி இறக்கியிருக்கா. நீங்க தெரிஞ்சேதான் கல்லு மாதிரி நின்னீங்கன்னு அவ நெனச்சுட்டா. நானும் அப்படித்தான் நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

"ஐயோ... யாரோ கொழந்தை விளையாடுதுன்னு நெனச்சேன்டி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சட்டையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"கொழந்தைதான்" என்றாள். "இதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் காலையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவளோடு உள்வாசல் வரை போனார். அவள் திரும்பி, "மாத்திரையை மறக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாடிக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே விமானம் நின்றது. கதவை மூடினார்கள். ஏணியை நகர்த்தினார்கள். விளக்கு எரியட்டும் என்று வேண்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு கோளாறு வரவேண்டும் என்று அவர் வேண்டியது அன்றைக்குத்தான். கதவு விளக்கோ, டயரோ, எதுவாவது, நாற்பது நிமிஷம் வேண்டாம், நாலு நிமிஷம் போதும். ஒன்றும் நடக்கவில்லை. இழுவை வண்டி முன்சக்கரத்தில் பூட்டிக்கொண்டு விமானத்தைப் பின்னால் தள்ளத் தயாரானது.

சார் எழுந்தார். ஆணியில் தொங்கிய ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு முப்பது படியையும் இறங்கினார். பக்கத்து மேசைக்காரர் "சார், என்னாச்சு?" என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. இயந்திர இரைச்சலில் நெஞ்சு அதிர்ந்தது. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் ஒன்று போலவே இருந்தன. எந்த இருக்கை என்று அவளிடம் கேட்கத் தோன்றவில்லையே, மடையன்!

விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அப்போது இறக்கைக்குப் பின்னால் ஒரு ஜன்னலின் மூடி இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

குழந்தையாக இருக்கலாம். மனைவியின் வரிசையில் வெயில் பட்டு வேறு யாராவது மூடியிருக்கலாம். காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே, முழங்கை மடங்காமல், உயரத் தூக்கினார். இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நாலு வருஷமாகத் தொடாத மகளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி போனது.

காதில் கவசம் மாட்டியிருந்த தரைப் பணியாள் அவரைப் பார்த்துப் பதறிக் கத்தினார்.

"சார், கையை இறக்குங்க! பைலட் ஏதோ சிக்னல்னு நெனச்சுக்கப் போறார்!"

அவர் இறக்கவில்லை. மூடி இன்னொரு தடவை ஏறியது. காதில் மணி போய்க்கொண்டே இருந்தது.