ஆடு என்று பந்தியேறிய மான்

பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றைக்கு என்று பார்க்கப் போய், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருமூர்த்தி தன் போனில் ஒரு மானைப் பார்த்தார். பார்த்த கையோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

மான் மரக்கிளையில் தொங்கியது. அது போகட்டும். கழுத்தில், தாடையில், ஒரு கண்ணிமைக்கு மேலே, கருப்புக் கருப்பாகக் கட்டிகள். சிறியது நாவல்பழம் அளவு, பெரியது கத்தரிப்பிஞ்சு அளவு. மயிர் உதிர்ந்து, வெயிலில் வெடித்த தார் மாதிரி சொரசொரவென்று. அனுப்பியவர் டேல். அனுப்பியது புதன்கிழமை. அந்த மானைச் சமைத்துப் பதினெட்டுப் பேருக்குப் பரிமாறியது நேற்று, சனிக்கிழமை.

டேல் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர். வில்லும் அம்புமாக வேட்டைக்குப் போகிறவர். ஃப்ரீசர் நிரம்பியதும் மிச்சத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். வியாழக்கிழமை பார்க்கிங் லாட்டில் எட்டுப் பவுண்டு தொடைக்கறியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்: தோலில் கொஞ்சம் கட்டி இருந்தது, படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டு வேண்டாமென்றால் சொல், நான் தப்பாக நினைக்கமாட்டேன். திருமூர்த்திதான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பரவாயில்லை என்றார்.

அவர் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசிய தரகரின் மகன். விற்கிறவன் தன் சரக்கைத் தானே பழித்து அவர் கண்டதில்லை. நொண்டி மாட்டைக் கூட, யோசித்து நடக்கிற மாடு என்பான். பழித்துப் பேசுவது இனாமாகக் கொடுக்கிறவன் மட்டும்தான்; நம்ம வீட்டு மாங்காய், சுமாராகத்தான் இருக்கும் என்பான், அது ஒரு மரியாதை. டேல் சொன்னதையும் அந்த மரியாதையில் சேர்த்துவிட்டார். படமோ எஸ்.எம்.எஸ்ஸில் வந்திருந்தது. அது ஓடிபியும் மருந்துக்கடையும் குடியிருக்கிற இடம். வாட்ஸ்அப்பில் வராதது அவருக்குச் சேதியே அல்ல.

இதற்கு மேல் ஒன்று இருந்தது. மனைவி வான்மதியின் பிறந்த வீட்டில் மான் கறியைத் தொடமாட்டார்கள். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள், மானைத் தின்றால் முருகன் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர்கள் கேள்வி. ஆகவே கறியைக் கடைப் பைக்கு மாற்றி, இளம் ஆடு என்று சொல்லித்தான் சமையலறைக்குள் விட்டார். மிளகு போட்டு வறுத்ததை கடல் தாண்டி வந்து ஆலன் நகரத்தில் குடியேறிய கொங்கு நாட்டுக் குடும்பங்கள் வழித்துத் தின்றன. வான்மதியும் இரண்டு துண்டு தின்றாள். விருந்துக்கு வந்தவர்களில் ரோஷினி என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி கேட்டது கொடுக்காவிட்டால் பாவம் என்று வான்மதி அவளுக்கு ஒரு டப்பா தனியாகவும் கொடுத்தனுப்பினாள்.

டப்பா ஞாபகம் வந்ததும் திருமூர்த்தி சோபாவை விட்டு எழுந்தார்.

டேலைக் கூப்பிட்டார். அது மானுக்கு வரும் மரு, தோலோடு சரி, தோலை உரித்ததும் அதுவும் போயிற்று, அதே கறியை நாங்களும் சாப்பிட்டோம் என்றார் டேல். கெட்டதைச் சொன்னபோது மரியாதையாகக் கேட்ட பேச்சு, நல்லதைச் சொன்னபோது வியாபாரமாகக் கேட்டது. வனவிலங்குத் துறையின் பக்கத்தைத் தேடினார். அங்கேயும் அதையேதான் எழுதியிருந்தார்கள்: ஒரு வைரஸ், மனிதருக்கு வராது, கறியில் பழுதில்லை. கட்டி உடைந்து சீழ் வைத்திருந்தால் மட்டும் கறி வேண்டாம். படத்தைப் பெரிதாக்கினார். காதுக்குக் கீழே ஒரு கட்டி ஈரமாக மினுங்கியது.

ரோஷினி வீடு அடுத்த தெரு. உப்புக் கூடிப்போச்சு, வேற தர்றோம் என்று சொல்லி டப்பாவை வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டே நடந்தார். கதவைத் திறந்தவள் கழுவிய டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

"ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க அங்கிள், காலைல தோசைக்கே காலி பண்ணிட்டேன்."

உப்புப் பொய்க்கு இனி வேலை இல்லை.

"ரோஷினி, அது ஆடு இல்லம்மா. மானு. அதுக்கு மேலெல்லாம் கட்டி இருந்துருக்குது. நா இப்பத்தான் பாத்தேன்."

அவள் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்து, ஒவ்வொரு கட்டியாகப் பார்த்தாள். இன்னொரு கை வயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது.

"இதையா நான் சாப்ட்டேன்?"

டாக்டர் நம்பரை எடுக்கச் சொன்னார் திருமூர்த்தி.

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டார்கள். டாக்டர் திரும்பக் கூப்பிட இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பிரிக்காத தொட்டில் அட்டைப்பெட்டியின் விளிம்பில் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். அதில் சிரிக்கிற குழந்தையின் படம் இருந்ததால் எழுந்து நின்றுகொண்டார். டாக்டர் லைனில் வந்ததும் கேள்விகள். நன்றாக வெந்ததா? குக்கரில் ஆறு விசில், அதற்குப் பிறகு வறுவல். துப்பாக்கிக் குண்டா, ஈயத்துகள் இருக்குமா? இல்லை, அம்பு. சீழ் இருந்ததா?

அதற்கு டேல்தான் பதில் சொல்ல வேண்டும். உரித்த தோல் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது என்றவர், ஓடிப்போய் ஒவ்வொரு கட்டியையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினார். எல்லாம் காய்ந்த கட்டி. ஒன்றும் உடையவில்லை. மினுங்கியது காலைப் பனியில் விழுந்த வெயில். பயமுறுத்தியதற்கு மன்னிப்பும் அவரே கேட்டார்.

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார், காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடு என்றார். ரோஷினி முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி ஆடுன்னுதானே சொல்லி வெச்சாங்க? அவங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

வீட்டுக்கு வந்த திருமூர்த்தி, டப்பாவைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். ரோஷினிக்கு ஒன்றுமில்லை என்பதை முதலில் சொன்னார். கொஞ்சம் தரகர் புத்தி மிச்சம் இருந்தது. வான்மதி போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். கட்டிகளைப் பார்க்கவில்லை. மானின் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாள். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள். நேற்றுத் தின்றதை இன்று கொப்பளித்து என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

"அந்த மனுசன் கட்டியோடயே படம் புடிச்சுக் காட்டித்தானுங்க குடுத்தாரு," என்றாள். "நீங்கதான் தோலை உரிச்சு ஆடுன்னு எங்கிட்ட தள்ளி உட்டிருக்கறீங்க."

வான்மதி குழாயை மூடினாள்.

"சாப்ட்டுப் போனவங்க அத்தன பேருக்கும் இப்பவே குரூப்புல போடுங்க."

ஆபத்து எதுவும் இல்லையே என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாட்ஸ்அப்பைத் திறந்தார். நேற்றைய கறி ஆடு அல்ல, மான் என்று தட்டினார். கட்டிகளைப் பற்றி ஒரு வரி தட்டினார், டாக்டர் சொன்னதை இரண்டு வரி தட்டினார். விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போகும்போது பின்னால் அவள் குரல் வந்தது.

"படத்தோட போடுங்க."

போட்டார்.