ஜெப வேளையில் வந்த தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் லீதியாளை யாரும் ஏமாற்றிவிட முடியாது. ஆம்பூரில் அவள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று அதைத் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அதனால் அவள் குழாயை மூடுவதே இல்லை. ரப்பர் டியூபை இழுத்துச் சமையலறை டிரம்முக்குள் விட்டு, அடியில் ஒரு எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்து வைத்திருப்பாள். முதல் சொட்டு விழுந்ததுமே குண்டான் டங் டங்கென்று ஊரைக் கூட்டும். அரைத் தூக்கத்திலும் எழுந்து ஓடுவாள். தன் டிரம் நிறைந்ததும் பக்கத்து வீட்டுக் கௌசரின் கதவையும் தட்டிவிட்டுத்தான் வருவாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கௌசர் அவள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு துணி மூட்டை. வாரம் முழுக்க உட்கார்ந்து கையால் தைத்த ஷூ மேல்தோல்கள்.

"அக்கா, அவருக்கு நெஞ்சு வலிக்குதுன்றாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். சாயந்தரம் ஏஜெண்ட் வக்கார் பாய் வருவாரு, இத்த குடுத்துடுங்க. போன தடவையே லேட்டாய்ட்ச்சு. இந்த வாட்டியும் தவறினா இனிமே வேலையே கிடையாதுன்னுட்டாரு."

"வெச்சிட்டுப் போ கௌசர். என் கண்ணு இதும் மேலயே இருக்கும்."

"அவருக்காகக் கொஞ்சம் துவாவும் பண்ணுங்க அக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். உள்ளே அவள் கணவன் சத்தார் சாய்ந்து கிடந்தான்.

அன்று மூன்று மணிக்கு லீதியாள் வீட்டில்தான் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். பேசப்போகிறவளும் அவளே. தலைப்பு, விழித்திருத்தல். அவளை விட்டால் அந்தத் தலைப்புக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கூடத்துக் கட்டிலில் இருந்த மூட்டையை யாராவது தெரியாமல் மேலே உட்கார்ந்து நசுக்கிவிடப் போகிறார்களே என்று, அதையும் விழிப்பாகத் தூக்கிச் சமையலறை மூலையில், டிரம்முக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

பேச்சு நன்றாகவே வந்தது. "நாம ஜெபத்துல கண்ண மூடினா போதும், குக்கர் விசில் அடிக்கும், போன் வரும், வாசல்ல பெல் அடிக்கும். எல்லாம் சாத்தான் வேலை. கண்ணத் திறந்தீங்கன்னா அவன் ஜெயிச்சான்," என்றாள். சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா வயலட், "ஆமென்" என்று தலையாட்டினார். லீதியாளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது.

பிறகு முழங்காலில் நின்று ஜெபத்தை அவளே தொடங்கினாள். சபைக்காக, பிள்ளைகளின் பரீட்சைக்காக வேண்டிவிட்டுக் கௌசரின் வீட்டுக்காக ஆரம்பித்தாள். சத்தார் பிழைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஒரு நஷ்டமும் வரக் கூடாது.

டங்.

அவள் நாக்கு ஒரு கணம் நின்றது. டங், டங், டங். கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. அடப்பாவி, என் பலவீனம் தண்ணீர்தான் என்று எப்படித் தெரிந்துவைத்திருக்கிறான்! இத்தனை பேருக்கு முன்னால் இப்போதுதான் சொன்னாள், கண்ணைத் திறந்தால் அவன் ஜெயிப்பான் என்று. சொன்னவளே எழுந்து ஓடுவதா? இமைகளை இறுக்கிக்கொண்டு குரலை உயர்த்தினாள். குண்டானும் உயர்த்தியது. அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் மங்கி, நின்றே போயிற்று.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். குண்டான் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பூரிப்பில் ஜெபம் இன்னும் நீண்டது.

"ஐயோ, என் புடவை!" என்று வயலட் அம்மா அலறியபோதுதான் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். கூடத்தில் விரித்திருந்த பாயின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லீதியாள் சமையலறைக்குப் பாய்ந்தாள். டிரம் நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. மூட்டை ஊறிப்போயிருந்தது. பிரித்தால், பழுப்புத் தோலின் சாயம் கரைந்து வெள்ளை நூலெல்லாம் கறை. தோல் உப்பிச் சுருங்கிக் கிடந்தது.

"சோதனை லீதியா, சாத்தான் சோதனை," என்றார் வயலட் அம்மா.

"இல்லம்மா, கர்த்தர்தான் எழுப்பிப் பாத்திருக்காரு. நாமதான் எழுந்திரிக்கல," என்றாள் கூட்டத்துக்கு வந்திருந்த அமிர்தவள்ளி.

இரண்டு பேரும் தேநீர் குடித்து முடியும்வரை வாதாடினார்கள். லீதியாளுக்குத் தலை சுற்றியது. கூப்பிட்டவர் ஆண்டவர் என்றால் தான் யாருக்கு முன்னால் முழங்காலில் நின்றாள்? கூப்பிட்டது மற்றவன் என்றால், அவனுக்குக் கீழ்ப்படியாததற்கு இப்படி ஒரு பலனா? எதுவும் பிடிபடவில்லை. போகும்போது வயலட் அம்மா காதோரம், "நகராட்சிக் குழா உடைஞ்சிச்சுன்னு சொல்லிடு, பாவம் அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சிடும்," என்றுவிட்டுப் போனார்.

லீதியாள் ஒவ்வொரு தோலாகத் துடைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது கௌசரே வந்து நின்றாள். சத்தாருக்கு ஆபத்தில்லையாம், படுக்க வைத்திருக்கிறார்களாம், மாற்றுத் துணி எடுக்க வந்தாளாம். பேசிக்கொண்டே வந்தவள் கொடியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது? தண்ணி வந்தா குண்டான் அடிக்குமே. கேக்கலயா?"

குழாய் உடைந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. லீதியாள் கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு கௌசர். கேட்டும் எழுந்திரிக்கல. ஜெபத்துல இருந்தேன். சாத்தான் கலைக்கிறான்னு நெனச்சிட்டேன்."

"யாருக்காக ஜெபம்?"

"உனக்காகத்தான். உன் வூட்டுக்கு ஒரு நஷ்டமும் வரக் கூடாதுன்னு கேட்டுனு இருந்தேன்."

கௌசர் அவளையே பார்த்தாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"நீங்க கேட்டதும் ஆண்டவன் குடுத்தான் இல்லக்கா," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "அந்த நிமிஷமே குண்டான அடிச்சுக் காட்டியிருக்கானே. இன்னும் எப்படிக்கா சொல்லுவான்?"

லீதியாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கௌசர் நனைந்த தோல் ஒன்றை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களில் ஊசி குத்திய தழும்புகள்.

"பாய்கிட்ட நான் பேசுறேன். நான்தான் நனைச்சேன், உன் மேல தப்பில்லன்னு சொல்றேன்," என்றாள் லீதியாள்.

தெருமுனையில் வக்கார் பாயின் வண்டி ஹாரன் அடித்தது. முதல் சத்தத்திலேயே லீதியாள் எழுந்து வாசலுக்குப் போனாள்.